பெப் பேண்ட்: திப்பிலியில இருந்து கிளம்பின சொல்லு

அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் மேட்ச் பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், டைம் அவுட் விட்ட உடனே கேலரியில ஒரு மூலையில இருந்து ட்ரம்பெட்டும் ட்ரம்ஸும் சேந்து பொளந்து கட்டும், பால் ஆட்டத்துக்குத் திரும்புனதும் டக்குன்னு நின்னுடும். அவங்கதான் பெப் பேண்ட்.

இதுல பேண்ட்ங்கறது நமக்குப் பழகின சொல்லு, கல்யாண ஊர்வலத்துல பேண்டு வாத்தியம்னு எப்பவோ வந்தாச்சு. பெப்தான் தோண்டிப் பாக்க வேண்டியது. அது பெப்பரோட சுருக்கம். மிளகுக் காரம் மாதிரி ஒருத்தர்கிட்ட இருக்கற துடிப்பை பெப்பர்னு சொல்றது 19ஆம் நூற்றாண்டுலயே இங்கிலீஷ்ல இருந்துச்சு, 1910கள்ல அமெரிக்காவுல அது பெப்னு குறுகி பரவிடுச்சு, பெப் ரேலி, பெப் டாக் எல்லாம் அந்த வரிசையில வந்ததுதான். சரி, பெப்பர் எங்கேருந்து வந்துச்சுன்னு பின்னாடியே போனா லத்தீன்ல பைபர், கிரேக்கத்துல பெபெரி, அதுக்கும் முன்னாடி சமஸ்கிருத பிப்பலி. பிப்பலின்னா நம்ம திப்பிலியேதான், சுக்கு மிளகு திப்பிலின்னு ஒரே மூச்சுல சொல்வோமே அது, சளி புடிச்சா பாட்டி தேன்ல குழைச்சு நாக்குல தடவுவாங்களே அது. திப்பிலியோட பேரு மேற்கே போய் மிளகுக்கு ஒட்டிக்கிட்டு, கடைசியில ஒரு வாத்தியக்குழு பேருல உக்காந்திருக்கு. இதை முதல்ல தெரிஞ்சுகிட்ட அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனா பேரு வர்றதுக்கு முன்னாடியே ஆளுங்க இருந்தாங்க. நோட்டர் டேம் காலேஜ் பேண்ட் 1840கள்ல இருந்து வாசிக்குது, விஸ்கான்சின் யுனிவர்சிட்டி பேண்ட் 1885ல, பர்டூ யுனிவர்சிட்டி பேண்ட் 1886ல தொடங்குச்சு. இவங்கள்ல நிறைய பேர் ராணுவ பாணியில யூனிஃபார்ம் போட்டு, மைதானத்துல வரிசை கட்டி நடந்து வாசிக்கற மார்ச்சிங் பேண்டா வளந்தாங்க, அதுக்கு அணிவகுப்பு இசைக்குழுன்னு சொல்றது கச்சிதமாப் பொருந்துது. பெப் பேண்ட் அப்படி இல்ல. சின்ன கூட்டம், நடக்க மாட்டாங்க, கேலரியில நின்னுகிட்டே வாசிப்பாங்க, சாக்ஸபோன் ட்ராம்போனோட எலக்ட்ரிக் கிட்டாரும் இருக்கும், பாஸ்கெட்பால், ஐஸ் ஹாக்கி மாதிரி உள்ளரங்க மேட்ச்தான் முக்கியமா அவங்க களம்.

இந்த ரெண்டும் எவ்வளவு வேறன்னு வெர்ஜீனியா யுனிவர்சிட்டி கதையில தெரியும். அங்க பெப் பேண்டை மாணவர்களே நடத்துனாங்க, அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் இடைவேளையிலயும் இறங்கி நையாண்டி நாடகம் போடுவாங்க. 2002 டிசம்பர்ல சார்லட் நகரத்துல காண்டினென்டல் டயர் பவுல்ங்கற ஃபுட்பால் மேட்ச், எதிர்ல வெஸ்ட் வெர்ஜீனியா மாநிலத்து யுனிவர்சிட்டி, இவங்க போட்ட நாடகத்துல அந்த ஊர்ப் பொண்ணை ரெட்டை ஜடையும் ஓவர்ஆலுமா பட்டிக்காடுன்னு காட்டப்போய், அந்த மாநில கவர்னரே மன்னிப்பு கேட்டாகணும்னு சொல்ல, வெர்ஜீனியா யுனிவர்சிட்டி தலைவரும் மன்னிப்பு கேட்டார். அடுத்த வருஷமே புதுசா மார்ச்சிங் பேண்ட் தொடங்க 15 லட்சம் டாலர் நன்கொடை வந்துச்சு, பெப் பேண்டுக்கு மேட்ச்கள்ல இடமே இல்லாம போச்சு. அந்த ஸ்கிட் தப்புதான், ஆனா மாணவர்கள் தாங்களே கட்டிக் காத்த ஒண்ணை மொத்தமா வெளிய அனுப்புனது அதிகம்னுதான் எனக்குத் தோணுது.

இப்ப தமிழுக்கு வருவோம், பெப் பேண்டுக்கு என்ன பேரு வெக்கலாம்? ஊக்க இசைக்குழுன்னு எழுதலாம், ஆனா விளையாட்டுப் பக்கத்துல ஊக்கம்னு பாத்தாலே ஊக்கமருந்துதான் முதல்ல ஞாபகம் வருது. எழுச்சி இசைக்குழுன்னா மாநாட்டு மேடை மாதிரி இருக்கு. உற்சாக இசைக்குழு பரவாயில்ல, அர்த்தம் உடனே புரியும், ஆனா அதுல காரம் இல்ல. மெல்லிசைக்குழுன்னு நம்மகிட்ட ஏற்கனவே ஒரு சொல் ஓடிட்டு இருக்கு இல்லையா, அதே அச்சுல துள்ளிசைக்குழுன்னு வெச்சா என்ன? துள்ளிசைங்கறது ஏற்கனவே புழங்குற சொல்லு, வாய்க்கும் சுலபம், வாசிக்கறவங்களும் கேக்கறவங்களும் துள்றது அதுக்குள்ளயே இருக்கு. என் ஓட்டு இதுக்குத்தான்.

வாக்கியத்துல வெச்சுப் பாக்கலாம். 2024 மார்ச்ல ஸ்போகேன் நகரத்துல யேல் யுனிவர்சிட்டி அணிக்கு தேசிய பாஸ்கெட்பால் போட்டி, லீவு சமயம்ங்கறதால யேல் துள்ளிசைக்குழு வர முடியல. பக்கத்து ஐடஹோ யுனிவர்சிட்டி துள்ளிசைக்குழு யேல் சட்டையைப் போட்டுகிட்டு, யேலோட பாட்டையும் புதுசா கத்துகிட்டு வந்து, யாரோ ஒரு காலேஜுக்காக தொண்டை கிழியக் கத்தி வாசிச்சாங்க. அந்தப் போட்டியில ஒரு குழுவுக்கு 29 பேருக்கு மேல அனுமதி கிடையாது, அத்தனை பேரும் மனசாரத் துள்ளுனாங்க. யேல் 78-76ன்னு எதிரணியான ஆபர்ன் யுனிவர்சிட்டியை ஜெயிச்சுது.