டிங்கி அட்டையில் சிவப்பாகத் தெரிவது என்ன?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: மகனுக்குக் காய்ச்சல், கிளினிக்கில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டார்கள், சற்று நேரத்தில் சிவப்புக் கோடு விழுந்தது, அது ரத்தத்தின் நிறம்தானே?

இல்லை. பெரும்பாலும் அது தங்கம்.

அட்டையின் வேலை எளிது. டிங்கி வைரஸின் என்எஸ்1 புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களைத் தங்கத் துகள்களில் பூசி வைத்திருப்பார்கள். ரத்த நீர் காகிதத்தில் ஊறும்போது துகள்களும் கூடவே போகும். கோட்டில் இருக்கும் எதிர்ப்பொருள்கள் புரதத்தைப் பிடித்ததும், அதோடு ஒட்டி வந்த தங்கமும் அங்கே குவியும். கோவிட் காலத்தில் வீட்டிலேயே மூக்கைக் குடைந்தோமே, அதே கதைதான்.

சரி, தங்கம் மஞ்சள்தானே? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். அந்தத் துகளின் குறுக்களவு ஏறத்தாழ 40 நானோமீட்டர். தலைமுடியின் குறுக்கே 2000 துகள்களை அடுக்கலாம். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தவர்களுக்குத் தெரியும்: நடை ஒரு தாளத்தில் விழுந்தால் பால் தளும்பித் தோளெல்லாம் வழியும், நடையை மாற்றினால் அடங்கிவிடும். துகளுக்குள் எலெக்ட்ரான்கள்தான் பால், மேலே படும் ஒளியலைதான் நடை. சுமார் 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி பட்டால் எலெக்ட்ரான்கள் ஒட்டுமொத்தமாகத் தளும்பிப் பச்சையை விழுங்கிவிடும். மிஞ்சுவது சிவப்பு. ஒரு சாய மூலக்கூறைவிட ஒரு துகள் பல ஆயிரம் மடங்கு ஒளியை விழுங்குவதால்தான் கருவி இல்லாமல் வெறுங்கண்ணுக்கே கோடு தெரிகிறது.

துகள்கள் நெருங்கி ஒட்டினால் தாளம் மாறி நிறம் ஊதாவாகிவிடும். சிறுநீரிலும் உமிழ்நீரிலும் மூலக்கூறுகளைத் தேடும் சில உணரிகள் அந்த நிறமாற்றத்தையே படிக்கின்றன. அட்டையில் எதிர்ப்பொருள் போர்வை துகள்களை விலக்கியே வைப்பதால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். 1857இல் ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இப்படிச் செய்த சிவப்புத் தங்கக் கரைசல் லண்டனில் இன்னும் இருக்கிறது. அதற்காக, தங்க நீர் குடித்தால் இளமை திரும்பும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிடாதீர்கள்!

யானைக்கால் நோய்க்கு இதே தங்க முறையில் இயங்கும் 'பிரூகியா ரேப்பிட்' சோதனை பினாங்கில் இருக்கும் நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வில் பிறந்தது. பினாங்கு ஆட்களுக்கே இது தெரியாது. இத்தகைய ஆய்வகங்களுக்கு இன்னும் தாராளமாகக் காசு கொடுக்கலாம் என்பது என் கட்சி.

அப்புறம், வாசகிக்கு ஒன்று. கோடு மங்கலாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். துகள்கள் குறைவாகச் சிக்கியிருக்கின்றன, அவ்வளவுதான். கோடே விழாவிட்டாலும் டிங்கி இல்லையென்று ஆகிவிடாது. காய்ச்சல் தொடங்கி ஐந்தாறு நாளாகிவிட்டால் என்எஸ்1 குறையத் தொடங்கும். அப்போது டாக்டர், வைரஸை எதிர்க்க உடலே உருவாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்ப்பார்.