வெள்ளெழுத்தும் பத்து வெள்ளிக் கண்ணாடியும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் பூ வாங்கும் கடை அக்காவுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. காலையில் போனால் தானே ஊசியில் நூல் கோத்து மல்லிகையைச் சரசரவென்று ஏற்றிக்கொண்டிருப்பார். அதே ஆள், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனால் ஊசியையும் நூலையும் நம்மிடம் நீட்டுவார். "தம்பி, இதக் கொஞ்சம் கோத்துக் குடுப்பா, இந்த லைட்டு சரியில்ல." லைட்டை இரண்டு முறை மாற்றியும் பார்த்துவிட்டார்.

லைட்டின் மேல் தப்பில்லை. ஆனாலும் அவர் சொல்வதில் பாதி உண்மை.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைச் சுற்றி ஒரு தசை வளையம், இரண்டையும் இணைக்க மெல்லிய இழைகள். கிட்டத்தில் பார்க்கும்போது தசை சுருங்கும், இழைகள் தளரும், லென்ஸ் உப்பிக்கொண்டு ஒளியை அதிகமாக வளைக்கும், ஊசிக் காது விழித்திரையில் கூர்மையாக விழும். ஆனால் இந்த லென்ஸுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. தோலைப் போலப் பழைய செல்களை உதிர்க்காது; நாம் பிறப்பதற்கு முன்பே உண்டான செல்கள் நடுவில் அப்படியே கிடக்க, அதன் மேல் வாழ்நாள் முழுக்க அடுக்கடுக்காக வளர்ந்துகொண்டே போகும், வெங்காயம் மாதிரி. உள்ளே ரத்தக் குழாயும் கிடையாது, நடுவில் இருக்கும் புரதங்களைப் புதுப்பிக்க வழியும் கிடையாது. வருடம் ஏற ஏற இறுகிவிடுகிறது. தசை சுருங்கினாலும் லென்ஸ் உப்ப மாட்டேன் என்கிறது.

பகல் வெளிச்சத்தில் கண்ணின் பாவை சிறு துளையாகச் சுருங்குவதால், குவியம் தப்பினாலும் ஒளி அதிகம் பரவாது, ஊசி ஓரளவு தெரியும். இருட்டினால் பாவை விரியும், மங்கலும் கூடவே விரியும். அக்கா லைட்டைத் திட்டுவது அதனால்தான்.

நம்மவர்கள் இதற்கு வைத்த பெயர் வெள்ளெழுத்து. குவியம் தப்பும்போது கறுப்பு எழுத்தும் சுற்றியிருக்கும் வெள்ளைத்தாளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து எழுத்து வெளுத்துப்போகும் இல்லையா, அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒளியியல் படித்தவர்கூட இதைவிடச் சரியாகப் பெயர் வைத்திருக்க முடியாது.

சரி, மருந்து? +1.50, +2.00 என்று ஒரு குவிலென்ஸ். +2 என்றால் தூரத்து வெளிச்சத்தை அரை மீட்டரில் குவிக்கும் சக்தி. இறுகிப்போன லென்ஸ் செய்யாத வேலையை மூக்கின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் செய்கிறது. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) தொங்குகிறது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருவது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பார்வை அறிக்கையின்படி குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு. அதில் 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் கிடப்பது. அந்த 100 கோடியில் 82 கோடிக்கு மேல் வெறும் வெள்ளெழுத்து! கண்ணாடி கிடைக்காத வெள்ளெழுத்து. மேற்கு, கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் கிட்டத்தில் தெரியாத குறைக்கு உதவி கிடைக்காதவர்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல், பணக்கார நாடுகளில் 10 விழுக்காட்டுக்கும் கீழ். லென்ஸ் இறுகுவது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குக் கண் குறைபாடு என்றால் மனதில் வருவது வெள்ளைக் கைத்தடியும், நடைபாதையில் வரி வரியாகப் புடைத்த மஞ்சள் கல்லும்தான் (அதன் மேல் மோட்டார் நிறுத்துபவர்களைத் தனியாகத் திட்ட வேண்டும்). பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால் அது இயல்பு. வெள்ளெழுத்தோ மெல்ல மெல்ல வருவது. யாரும் அதற்காக ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நிற்க மாட்டார்கள். கண்ணாடியின் விலையைவிட அந்தப் பயணத்தின் விலை அதிகம்.

அது எவ்வளவு நஷ்டம் என்று அஸ்ஸாமில் அளந்தே பார்த்தார்கள். 40 வயது தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களில் பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி, மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. 2018இல் வெளியான முடிவு: கண்ணாடி போட்டவர்கள் பறிக்கும் கொழுந்தின் அளவு மற்றவர்களுடையதைவிடச் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. இதைப் படித்தபோது எனக்கு நம் ரப்பர் தோட்டத்துப் பால்மரம்தான் நினைவுக்கு வந்தது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவ வேண்டும், கத்தி கட்டையில் பட்டால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் திட்டு. எத்தனை பேர் தங்கள் லென்ஸ் இறுகியதற்காகத் திட்டு வாங்கினார்களோ.

அதே லென்ஸ் இறுகுவதோடு நிற்பதில்லை. அந்தப் பழைய புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் வெள்ளை படர்கிறது. அதுதான் கண்புரை, உலகில் பார்வை பறிபோவதற்கு முதல் காரணம். இதற்குக் கண்ணாடி போதாது, லென்ஸையே எடுத்துச் செயற்கை லென்ஸ் வைக்க வேண்டும். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த அக்ரிலிக் துண்டுகள் கண்ணை உறுத்தாமல் கிடப்பதைக் கவனித்து, கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி 1949இல் லண்டனில் முதல் லென்ஸை வைத்தார். அப்புறம் பல வருடம் அது பணக்கார நாட்டுச் சரக்கு. 1976இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் அரோலேப் என்ற தன் தொழிற்சாலை மூலம் லென்ஸைத் தானே செய்து விலையை அடித்து இறக்கியது. காசு கொடுப்பவரை வைத்து, கொடுக்க முடியாதவருக்கும் அறுவை சிகிச்சை. கோலாலம்பூரில் சாப்பாட்டுக்கடைகளில் பில்லைக் கை நீட்டிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கும் மதுரைக்கார அண்ணன்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, சங்கடமும் வருகிறது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இங்கே அரசு மருத்துவமனைக் கட்டணமும் தனி.

நமக்கு இன்னொரு தொல்லை, இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. விழித்திரையின் நுண்குழாய்களை அது வலியே இல்லாமல் அரிக்கும், பார்வை மங்கும்போது பெரும்பாலும் தாமதம். இனிப்பு நீர் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பசார் மாலாம் கண்ணாடி அந்த வேலையைச் செய்யாது.

பூக்கடை அக்கா போன மாதம் கண்ணாடிக் கடையில் சோதித்து +2 வாங்கிவிட்டார். முதல் நாள் போட்டுக்கொண்டு மல்லிகைச் சரத்தைக் கிட்டத்தில் பார்த்தவர் பதறிவிட்டார். "தம்பி, பூவுக்குள்ள இவ்வளவு எறும்பா? இத்தன நாளா சாமிக்கு இதையா கட்டிக் குடுத்தேன்?"