டெட்லாக்குக்கு ‘முட்டுக்கட்டை’ன்னு எழுதுறத எப்ப நிறுத்துவீங்க?

“நிரலில் முட்டுக்கட்டை ஏற்பட்டுள்ளது, அதை அகற்றவும்.” இன்னிக்கு மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்புல படிச்சேன். எதய்யா அகற்றுறது? டெட்லாக்னா ரெண்டு மூணு ப்ராசஸ் (தனித்தனியா ஓடிட்டிருக்கிற ப்ரோக்ராம்) ஒண்ணுக்காக ஒண்ணு காத்துக்கிட்டு, எதுவுமே நகராம நிக்கிறது.

அந்த இங்கிலீஷ் வார்த்தையோட மூலத்த சுருக்கமா சொல்லிடறேன். டெட்லாக்ல வர்ற ‘டெட்’டுக்கு செத்ததுன்னு அர்த்தம் இல்ல, ‘முழுசா, அடியோட’ன்னு அர்த்தம். 1779ல ஷெரிடனோட ‘தி கிரிட்டிக்’ நாடகத்துல இந்த வார்த்தை வருது, ஆளாளுக்கு ஆயுதத்த நீட்டிட்டு நிக்கிறாங்க, முதல்ல கைய எடுக்க எல்லாருக்கும் பயம். அதனால ‘இறந்த பூட்டு’ன்னு எழுதுறவங்கள விட்டுருவோம், அவங்களோட பேசி பிரயோஜனம் இல்ல.

முட்டுக்கட்டைன்னா சக்கரத்துக்கு அடியில சொருகுற கட்டை. அத ஒருத்தன் போடணும், இன்னொருத்தன் உருவி எறிஞ்சா வண்டி ஓடும். எம்பிஐ, அதாவது பல ப்ராசஸ் ஒண்ணுக்கொண்ணு மெசேஜ் அனுப்பி வேலை செய்யிற முறை, அதுல எழுதுன ப்ரோக்ராம்ல நடக்கிறது அதுவா? ப்ராசஸ் 0 முதல்ல 1க்கு சென்ட் பண்ணுது, 1ம் முதல்ல 0க்கு சென்ட் பண்ணுது, ரெண்டும் அதுக்கப்புறம்தான் ரிசீவ். பத்து நம்பர் அனுப்புனா எம்பிஐ லைப்ரரியே பஃபர்ல (தற்காலிகமா வைக்கிற இடத்துல) வாங்கி வச்சுக்கும், ஜோரா ஓடும், பெரிய டேட்டா குடுத்தீங்கன்னா எதிர்ப்பக்கம் ரிசீவ் வர்ற வரைக்கும் சென்ட் திரும்பாது, ரெண்டும் அப்படியே நிக்கும். இதுல கட்டை போட்டவன் யாரு? ஒவ்வொரு வரியும் தனியா பாத்தா சரிதான், வரிசை சேர்ந்த விதம்தான் தப்பு. முட்டுக்கட்டைன்னு சொல்லிக் குடுத்தா படிக்கிற பையன் குத்தவாளி வரியத் தேடியே ராத்திரிய ஓட்டுவான்.

‘முடக்கம்’னு சொல்றவங்க, டெட்லாக் ஆகி நிக்கும்போது டாப் கமாண்ட (எந்த ப்ராசஸ் எவ்வளவு சிபியு எடுக்குதுன்னு காட்டுறது) ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டும். பெரும்பாலும் சிபியு 100% காட்டும், ஏன்னா மெசேஜ் வந்துச்சா வந்துச்சான்னு அது சும்மா சுத்தி சுத்தி கேட்டுட்டே இருக்கு. இதப் போய் ‘செயலற்ற நிலை’ன்னு எழுதுனவர் கம்ப்யூட்டர் பக்கமே போனதில்ல போல. அகராதிய மட்டும் வச்சுக்கிட்டு கலைச்சொல் செஞ்சா இப்படித்தான் இருக்கும்.

என் வார்த்தை ‘முடிச்சு’, வேணும்னா ‘காத்திருப்பு முடிச்சு’. முடிச்சு போட ஆள் வேணாம், தானா விழும், அவிழ்க்கத்தான் ஆள் வேணும். டீபக் பண்றவன் பேச்சுலயும் ஒட்டும்: “எங்க முடிச்சு விழுந்திருக்கு?” தியரியும் நம்ம பக்கம்தான். யார்கிட்ட இருந்து வந்தாலும் சரின்னு ரிசீவ் போட்டிருந்தா காத்திருப்பு வட்டமா சுத்துறது மட்டும் டெட்லாக் ஆகாது, வெளிய இருந்து ஒரே ஒரு ஆள் அனுப்பிட்டா தப்பிச்சிரும், யாருக்குமே வெளிய போற வழி இல்லாம பின்னிக் கிடந்தாத்தான் டெட்லாக், அந்த அமைப்புக்கு இங்கிலீஷ்லயே ‘நாட்’ (knot, முடிச்சு)னுதான் பேரு.

அவிழ்க்கிறதுக்கு, ஒவ்வொரு ப்ராசஸ்லயும் ஜிடிபிய (ப்ரோக்ராம் உள்ள என்ன நடக்குதுன்னு பாக்குற டூல்) மாட்டி பேக்ட்ரேஸ் (எந்தெந்த ஃபங்ஷன் வழியா வந்து எங்க நிக்குதுங்கிற பட்டியல்) எடுத்து, யாரு யாருக்காக நிக்கிறாங்கன்னு பேப்பர்ல அம்புக்குறி போடுங்க, அப்புறம் ஒரு பக்கத்து வரிசைய மாத்துனா போதும், இல்லாட்டி அனுப்புறதையும் வாங்குறதையும் ஒரே அழைப்புல செய்யிற சென்ட்ரிசீவ் போடுங்க. இன்னும் நிக்காத ப்ரோக்ராம்னாலும் சென்ட் எல்லாத்தையும் எஸ்சென்டா (எதிர்ப்பக்கம் ரிசீவ் வராம திரும்பாத சென்ட்) மாத்தி ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, பஃபர் மறைச்சு வச்சிருந்த முடிச்சு பத்து நம்பர்லயே விழுந்துரும்.