நூறு மைல் தாண்டியும் தந்தி அடித்தது எப்படி?

"அவ்வளவு தூரம் போனால் மின்சாரம் பலவீனமாகிவிடாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகத்தான் செய்யும். பழைய அமெரிக்கத் தந்திப் பாதையில் எட்டாம் நம்பர் பருமன் இரும்புக் கம்பியின் தடை மைலுக்குச் சுமார் 13 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அலகு). 100 மைலுக்கு 1,300. இரு முனையிலும் செய்தியை வாங்கும் ரிலே என்ற மின்காந்தக் கருவிகள் தலா 150. ஆக 1,600 ஓம். டேனியல் கலங்கள் என்ற அக்கால பேட்டரிகள் 50-ஐத் தொடராக இணைத்தாலும் 55 வோல்ட்தான் வரும். ஓம் விதிப்படி 34 மில்லி ஆம்பியர். செய்தியைக் 'கட்... கட்' என்ற சத்தமாக அடிக்கும் சவுண்டர் கருவிக்கோ கால் ஆம்பியர், அதாவது 250 மில்லி ஆம்பியர் வேண்டும்.

வழி இதுதான்: தளர்ந்து வரும் மின்னோட்டம் சத்தம் எழுப்ப வேண்டாம், ஒரு ஸ்விட்சை மூடினால் போதும். அதுதான் ரிலே. மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகத் தேனிரும்பில் சுற்றியிருப்பார்கள். மின்னோட்டம் குறைவு, சுற்றுகள் அதிகம், அதனால் காந்தம் போதிய பலம் பெறும். எதிரே இலேசான இரும்புத் தகடு, அதைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங். தகடு அசைய வேண்டியது ஒரு தாளின் கனம் அளவுதான். அசைந்ததும் பிளாட்டினம் முனைகள் தொட்டுக்கொள்ளும், பக்கத்திலுள்ள இரண்டு கலங்களின் முழு மின்னோட்டமும் சவுண்டருக்குப் பாயும். சவுண்டருக்குப் பதில் அடுத்த 100 மைல் கம்பியை அங்கே இணைத்தால், செய்தி புது பலத்தோடு மேலே போகும். எவ்வளவு அழகான ஏற்பாடு! தகடு காந்தத்தை முழுதாகத் தொடவும் கூடாது. தொட்டால், எஞ்சிய காந்தத்தன்மை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரு திருகு உண்டு.

மழைதான் பெரிய தொல்லை. அந்தப் பாதைகளில் இரு முனையிலும் கலங்கள் இருக்கும், சும்மா இருக்கும்போதும் மின்னோட்டம் ஓடும், சாவி எனப்படும் கை ஸ்விட்சால் அதைத் துண்டித்துத் துண்டித்தே செய்தி அனுப்புவார்கள். கம்பங்கள் நனைந்தால் மின்சாரம் வழியெங்கும் நிலத்துக்குக் கசியும். அந்த முனையில் சாவியைத் திறந்தாலும், இந்த முனைக் கலங்களின் கசிவோட்டமே தகட்டை விடாமல் பிடித்திருக்கும். உடனே ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். மழை விட்டதும் தளர்த்த வேண்டும்.

நெடுந்தூரத்துக்குப் பல சுற்றுச் சுருளும் தொடர் கலங்களும் வேண்டும் என்று 1831-லேயே காட்டியவர் ஆல்பனி பள்ளி ஆசிரியர் ஜோசப் ஹென்றி. பள்ளி விடுமுறையில் செய்த ஆய்வு அது. தந்தியை உருவாக்கிய சாமுவேல் மோர்ஸின் வாஷிங்டன்–பால்டிமோர் பாதைக்கு 1843-ல் அமெரிக்கக் காங்கிரஸ் 30,000 டாலர் தந்தது. பிரதிநிதிகள் சபையில் 89-க்கு 83 என்று மயிரிழையில் தப்பிய மசோதா அது. அதில் பாதியை மெஸ்மரிச (மனவசிய) ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று கேலித் திருத்தம் கொண்டுவந்தார் ஓர் உறுப்பினர். என் பார்வையில், கருவிக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பங்காவது பத்தாண்டு முன்பே ஹென்றியின் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டும்.