திரையில் தெரிவது கணக்கின் விடை: பல் ஸ்கேனிலும் துறைமுகத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள்

பல் இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர், வைப்பதற்கு முன் எடுக்கும் முப்பரிமாண ஸ்கேனை, அதாவது சிபிசிடி ஸ்கேனை, பெரும்பாலானோர் ஒரு வகைப் புகைப்படம் என்றே நினைக்கிறார்கள். கருவி தலையைச் சுற்றி வருகிறது. கொஞ்ச நேரத்தில் திரையில் தாடை எலும்பு முழுசாக வந்து நிற்கிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம், எங்கே வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம். ஆனால் கருவி எடுத்தது சில நூறு தட்டையான எக்ஸ்ரே படங்களைத்தான். தாடைக்குள் எந்த இடத்தில் எவ்வளவு கதிர் உறிஞ்சப்பட்டிருந்தால் இந்தப் படங்கள் இப்படி வந்திருக்கும் என்று கணினி பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது. அந்த விடையைத்தான் நாம் தாடை என்று பார்க்கிறோம்.

கணினி மாடலும் சிமுலேஷனும்தான் என் தொழில். பல் மருத்துவப் படங்களிலும் வேலை செய்கிறேன், கன்டெய்னர் துறைமுகத் திட்டமிடலிலும் வேலை செய்கிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். உள்ளே ஓடும் கணிதத்தில் நிறையப் பொது. எக்ஸ்ரே கதிரின் ஒரு துகள், அதாவது ஒரு ஃபோட்டான், தாடைக்குள் எங்கே மோதும் என்பதையும், ஒரு கப்பல் எப்போது வந்து சேரும் என்பதையும் தற்செயல் எண்களை வைத்தே ஓட்டிப் பார்க்கிறோம். இரண்டு இடத்திலும் நடக்கும் தவறும் ஒன்றுதான். திரை அழகாக இருந்தால், உள்ளே என்னென்ன அனுமானங்கள் போட்டிருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பல் விஷயத்தில் இது காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்க வைக்கும். துறைமுகத்தில் தேவையில்லாத இடத்தில் கிரேன் வாங்க வைக்கும்.

சிபிசிடி கருவிகளில் நெடுங்காலம் அடிப்படையாக இருந்து வரும் கணக்கு முறையை 1984-இல் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் என்ற மூவர் வெளியிட்டார்கள். அவர்கள் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். பல் மருத்துவத்துக்கான கருவிகள் 1990-களின் கடைசியில்தான் வந்தன. அந்த முறை தொடக்கத்திலிருந்தே ஒரு தோராயம். கதிர்க்குழாய் சுற்றும் தளத்தில் விடை துல்லியமாக இருக்கும். அதிலிருந்து மேலேயோ கீழேயோ விலக விலகப் பிழை கூடும். இதோடு மூன்று அனுமானங்களும் சேர்கின்றன. கதிரில் எல்லா ஃபோட்டானுக்கும் ஒரே ஆற்றல், நோயாளி அசையவே இல்லை, உடலில் பட்ட கதிர் சிதறாமல் நேராகப் போனது. மூன்றுமே நிஜத்தில் முழுதாக உண்மை இல்லை.

முதல் அனுமானம் உடையும்போது என்ன ஆகிறது என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு பல்லுக்கு உலோகக் கேப் போட்டிருக்கிறார்கள், பக்கத்திலேயே ஒரு இம்ப்ளான்ட் இருக்கிறது. எக்ஸ்ரே கதிரில் ஆற்றல் குறைந்த ஃபோட்டான்களும் உண்டு, கூடியவையும் உண்டு. குறைந்தவற்றை உலோகம் தின்றுவிடுகிறது, கூடியவை மட்டும் தப்பித்து வெளியே வருகின்றன. கணக்குக்கு இது தெரியாது. எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கதிர் வந்து சேர்ந்ததால், நடுவில் இருக்கும் பொருள் அடர்த்தி குறைந்தது என்று முடிவு கட்டி, இரண்டு உலோகத்துக்கும் இடையே ஒரு கறுப்புப் பட்டையைப் போட்டுவிடுகிறது. திரையில் அது சொத்தை மாதிரி தெரியும். இம்ப்ளான்டைச் சுற்றி எலும்பு கரைந்த மாதிரி தெரியும். வேர் சிகிச்சை செய்து உள்ளே உலோகத் தண்டு வைத்த பல்லில் வேரே பிளந்துவிட்ட மாதிரி ஒரு கோடு தெரியும். வேர் நெடுக்காகப் பிளந்த பல்லைப் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான் என்பதால், இல்லாத கோட்டை நம்பினால் திரும்ப வழியில்லை.

அந்தக் கோடு நிஜமா என்று பார்க்க நான் முதலில் செய்வது, அது எங்கே முடிகிறது என்று தேடுவதைத்தான். நிஜமான விரிசல் பல்லின் எல்லையைத் தாண்டாது. கணக்கில் பிறந்த கோடு பெரும்பாலும் உலோகத்திலிருந்து நேர்கோடாகக் கிளம்பி, பல்லைக் கடந்து, எலும்புக்குள்ளும் கன்னத்துக்குள்ளும் நீளும். இது மட்டும் போதாது. அந்த இடத்தில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமான பள்ளம் இருக்கிறதா என்று பல் மருத்துவர் கருவி வைத்து அளந்து பார்க்க வேண்டும், சாதாரணச் சின்ன எக்ஸ்ரே ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேனை மட்டும் காட்டிப் பல்லை எடுக்கச் சொன்னால், “உலோகத்தால் வந்த நிழலாக இருக்குமா?” என்று நோயாளி தாராளமாகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எலும்பு அடர்த்தி என்று மென்பொருள் காட்டும் எண்ணிலும் இதே கவனம் வேண்டும். மருத்துவமனையின் பெரிய சிடி கருவியில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000 என்று ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோல் இருக்கிறது. சிபிசிடியில் சிதறும் கதிர் அதிகம். தலையில் ஒரு பகுதிதான் படப்பரப்புக்குள் வருகிறது. அதனால் அதன் சாம்பல் அளவுகள் கருவிக்குக் கருவி மாறும், ஒரே படத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும். ஒரு கருவியில் வந்த எண்ணை இன்னொரு கருவியின் எண்ணோடு ஒப்பிட்டு எலும்பு தேறிவிட்டது என்று சொல்வதற்கு அடிப்படை இல்லை.

திரையில் தூரம் அளந்தால் மில்லிமீட்டரில் இரண்டு தசமம் வரை காட்டும். படத்தின் ஒரு புள்ளியே 0.2 மி.மீ. அகலம் இருக்கும்போது அந்த இரண்டாவது தசமத்துக்கு அர்த்தம் கிடையாது. கீழ்த்தாடை நரம்புக்கும் இம்ப்ளான்ட் நுனிக்கும் நடுவே குறைந்தது 2 மி.மீ. விடச் சொல்வது இதற்காகவும்தான். கணினியில் திட்டமிட்டு, அதற்கென்றே அச்சடித்த வழிகாட்டியை வைத்துத் துளையிட்டாலும், திட்டமிட்ட இடத்துக்கும் இம்ப்ளான்ட் உட்காரும் இடத்துக்கும் சராசரியாக 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வருகிறது. அது சராசரி; சிலருக்கு அதைவிடக் கூடவே இருக்கும்.

அப்புறம் கதிர்வீச்சு அளவு. உயிருள்ள ஒருவரின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் அளவுமானி வைத்துப் பார்க்க முடியாது. ஒன்று, மனிதத் தலை மாதிரி செய்த பொம்மைக்குள் உணரிகளை வைத்து அளக்கிறோம். இல்லையென்றால் மான்டே கார்லோ என்ற தற்செயல் எண் முறையில் கணினிக்குள் கோடிக்கணக்கான ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எது எங்கே ஆற்றலை விட்டுச் சென்றது என்று கூட்டுகிறோம். 1940-களில் உலாமும் ஃபான் நாய்மனும் அணு ஆய்வுக்காக உருவாக்கிய முறை இது. அதற்குள் வைக்கும் உடல் யாருடையது என்பது முக்கியம். சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் வளர்ந்த ஆண், பெண் ஆகியோருக்கான மாதிரி உடல்களை 2009-இலும், குழந்தைகளுக்கானவற்றை 2020-இலும் வெளியிட்டது. கருவியின் கையேட்டில் மைக்ரோசீவெர்ட் என்ற கதிர் அளவு அலகில் இருக்கும் எண் பெரும்பாலும் வளர்ந்த ஒரு மாதிரி மனிதருக்கானது. சின்னத் தலை, குட்டைக் கழுத்து, கதிருக்குப் பக்கத்திலேயே தைராய்டு என்று இருக்கும் குழந்தைக்கு அந்த எண் பொருந்தாது.

உறுப்புகள் வாங்கும் கதிரை ஒரே எண்ணாகக் கூட்டும் கணக்கில், அதே ஆணையம் 2007-இல் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குத் தனி எடை கொடுத்தது. கருவி மாறவில்லை, கதிர் மாறவில்லை. ஆனால் பல் எக்ஸ்ரேக்களின் மதிப்பிட்ட அளவு கணிசமாக ஏறிவிட்டது. இந்த எண்கள் எவ்வளவு தூரம் மாடலைச் சார்ந்தவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சிபிசிடிக்குப் பதிவாகியிருக்கும் அளவுகள் பத்து இருபது மைக்ரோசீவெர்ட்டில் தொடங்கிப் பல நூறு வரை போகின்றன. உலக சராசரியில் இயற்கையாகவே ஆண்டுக்குச் சுமார் 2,400 மைக்ரோசீவெர்ட் நம் மேல் படுகிறது என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பல்லுக்காக இரண்டு தாடையையும் சேர்த்து எடுக்க வேண்டுமா என்று கேட்பது நியாயம். படப்பரப்பைச் சுருக்கினால் கதிரும் குறையும், சிதறலும் குறையும், படமும் தெளியும்.

இம்ப்ளான்டைச் சுற்றி எலும்பில் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டும் சிவப்பு, பச்சைப் படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பின் விறைப்புக்கு, வெளி எலும்பு 13.7 கிகாபாஸ்கல், உள் எலும்பு 1.37 என்று ஏராளமான ஆய்வுகளில் ஒரே எண்களைப் போடுகிறார்கள். எல்லாருடைய எலும்பும் அப்படியே இருக்காது. இரண்டு வடிவங்களில் எது மேல் என்று ஒப்பிட இவை உதவும். இந்த நோயாளிக்கு எலும்பு தாங்குமா என்ற கேள்விக்கு இவற்றில் பதில் கிடையாது.

சரி, துறைமுகத்துக்கு வருவோம். இங்கே ஃபோட்டானுக்குப் பதில் கப்பலும் டிரெய்லரும். ஆளை ஏமாற்றுவது சராசரி.

கப்பல் நிற்க ஒரே ஒரு பெர்த், தற்செயலாக வந்து சேரும் கப்பல்கள், கூடிக் குறையும் வேலை நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்த் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால், ஒரு கப்பலைக் கையாள ஆகும் நேரத்தைப் போல 4 மடங்கு நேரம் சராசரியாகக் காத்திருக்க வேண்டும். 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19 மடங்கு. பல பெர்த் இருந்தால் எண்கள் குறையும், ஆனால் கடைசியில் செங்குத்தாக ஏறும் அந்த வளைவு மாறாது. “இன்னும் 10 சதவீதம் சும்மா கிடக்கிறதே, அதையும் பயன்படுத்தலாமே” என்று கூட்டத்தில் யாராவது சொல்லும்போது நான் இந்த மூன்று எண்களைத்தான் பலகையில் எழுதுகிறேன்.

ஒரு துறைமுக வாயிலுக்காக வேறொருவர் செய்த மாடலைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. அனிமேஷன் கண்ணைப் பறித்தது. டிரெய்லர்கள் வரிசையாக வந்தன, வாயிலில் நெரிசலே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால், வண்டிகள் சரிசமமான இடைவெளியில் வருவதாகப் போட்டிருந்தார்கள். அந்த வாயிலின் பதிவேட்டிலிருந்த நிஜ வருகை நேரங்களை அதற்குப் பதிலாகக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு வரும் வண்டிகளின் மொத்த எண்ணிக்கையில் மாற்றமில்லை. காலை ஷிப்ட் தொடங்கியதும் கூட்டமாக வந்த வண்டிகள் சாலை வரை வரிசை கட்டி நின்றன.

கப்பல்களின் அளவும் இதைக் கடினமாக்குகிறது. 1956-இல் தொடக்க காலக் கன்டெய்னர் கப்பலான ஐடியல் எக்ஸ் ஏற்றிச் சென்றது 58 கன்டெய்னர். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்த எவர் கிவன், 20 அடிப் பெட்டிக் கணக்கில் 20,000-க்கு மேல் கொள்ளும். ஆண்டுச் சரக்கு மாறாமல் கப்பல் மட்டும் பெரிதானால், அதே பெட்டிகள் சில நாட்களில் மலையாகக் குவியும், மற்ற நாட்களில் பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டு காற்றாடும். ஆண்டு மொத்தத்தை 365-ஆல் வகுத்துப் போட்ட மாடலுக்கு இது தெரியவே தெரியாது.

எல்லாவற்றுக்கும் பெரிய சிமுலேஷன் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நாளைக்கு 2,000 பெட்டி வந்து, ஒவ்வொன்றும் சராசரியாக 5 நாள் யார்டில் கிடந்தால், எந்த நேரத்திலும் சுமார் 10,000 பெட்டி உள்ளே இருக்கும். தங்கும் நாள் 7 ஆனால் 14,000. இதற்குக் காகிதம் போதும். புதிய கிரேன் கேட்பதற்கு முன், பெட்டிகள் ஏன் இரண்டு நாள் கூடுதலாகக் கிடக்கின்றன என்று விசாரியுங்கள். பல நேரம் காரணம் ஆவணங்களில் இருக்கும். யார்டு நிரம்ப நிரம்ப, அடியில் இருக்கும் பெட்டியை எடுக்க மேலே இருப்பவற்றை நகர்த்தும் வேலையும் கூடும். காகிதக் கணக்கு அதைக் காட்டாது, சிமுலேஷன் காட்டும்.

அப்படிச் சிமுலேஷன் செய்து வாங்கும்போது, ஒரே ஒரு முறை ஓட்டிய முடிவை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வெவ்வேறு தற்செயல் எண்களோடு பல முறை ஓட்டி, முடிவு எந்த அளவுக்கு விரிகிறது என்று கேளுங்கள். யார்டு காலியாக இருந்த நிலையில் மாடலைத் தொடங்கியிருந்தால் முதல் சில நாட்களின் முடிவைத் தள்ளிவிட்டார்களா என்று பாருங்கள். அந்த நாட்களில் எந்தத் துறைமுகமும் பிரமாதமாகத்தான் ஓடும். மாடலைப் பொருத்துவதற்குக் கொடுத்த மாதங்களை விட்டு, அது பார்த்தே இராத ஒரு மாதத்தின் பதிவுகளோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் அது புயலோ வேலைநிறுத்தமோ வந்து எல்லாம் தாறுமாறான மாதமாக இருக்கட்டும்.