ஹெட்ரெஸ்ட்டை நம்பாதீர்கள்

சாலையோரக் கிணற்றிலிருந்து கிரேன் போட்டுத் தூக்கிய இன்னொரு கார். டிரைவர் பக்கக் கண்ணாடியின் நட்டநடுவில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள். பிடுங்கிப் போட்ட ஹெட்ரெஸ்ட் சீட்டுக்கடியில். டிக்கியைத் திறந்தால், கண்ணாடி உடைக்கும் சுத்தியல் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. தீயணைப்பு, மீட்புப் பணியில் இருக்கும் எங்களுக்கு இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்விட்டது.

"ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றும்படி வைத்திருப்பதே கண்ணாடி உடைக்கத்தான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ ஓயாமல் சுற்றுகிறது. இல்லைங்க. பின்னாலிருந்து வண்டி இடித்தால் கழுத்தைத் தாங்கத்தான் அது இருக்கிறது. கம்பி வைத்திருப்பது உங்கள் உயரத்துக்கு ஏற்றி இறக்க. பட்டனை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். சில வண்டிகளில் மேற்கூரை இடிக்கும், சீட்டைச் சாய்த்தால்தான் வெளியே வரும். விலை குறைந்த பல கார்களில் அது முன்சீட்டோடு சேர்ந்தே இருக்கும், கழலவே கழலாது. வீடியோவில் உடைத்துக் காட்டியவரை, இடுப்பளவு தண்ணீரில், இருட்டில், பின்சீட்டில் பிள்ளை அலறும்போது ஒருதரம் செய்துகாட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்.

கார் தண்ணீரில் விழுந்ததும் கொஞ்ச நேரம் மிதக்கும். பவர் விண்டோ பெரும்பாலும் அப்போது வேலை செய்யும். பெல்ட்டைக் கழற்றுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளுங்கள், பின்னாலேயே நீங்களும் போங்கள். போன் அப்புறம். கதவோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு மீட்டர் அகலக் கதவின் மேல் வெளியே அரை மீட்டர் தண்ணீர் நின்றாலே சுமார் 125 கிலோ அழுத்தம். உள்ளே நிரம்பினால் கதவு திறக்கும் என்று காத்திருப்பது, வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

கண்ணாடி இறங்கவில்லையா, அப்போதுதான் கருவி. ஸ்பிரிங் பஞ்ச் வாங்குங்கள், கண்ணாடியில் வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் விசையில் கூர்முனை பாய்ந்து உடைக்கும் சின்னக் கருவி அது. தண்ணீருக்குள் சுத்தியலை ஓங்கினால் வேகம் செத்துவிடும். சைடு கண்ணாடியின் மூலையில் வைத்து அழுத்துங்கள். முன் கண்ணாடியைத் தொடவே வேண்டாம், நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லாமினேட்டட் கண்ணாடி அது, விரிசல் விட்டாலும் வழி விடாது. சில புது கார்களில் சைடு கண்ணாடியும் அதே ரகம். எந்த ரகம் என்று கண்ணாடி மூலையில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும், தயவுசெய்து இன்றைக்கே படித்துப் பாருங்கள். சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால், உடைந்த பிறகும் கொட்டாமல் தொங்கும். காலால் உதைத்துத் தள்ள வேண்டியிருக்கும். கருவியை, பெல்ட் போட்டபடியே கை எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள். சும்மா போட்டு வைத்தால், கார் கவிழும்போது எங்கே பறந்துபோகும் என்று யாருக்குத் தெரியும்?

மழைக்காலத்தில் கிணறே தேவையில்லை. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில், தேங்கிய தண்ணீரில் கார் சிக்கி ஒரு அரசு மருத்துவர் இறந்தார். 2024 செப்டம்பரில் டெல்லி அருகே ஃபரிதாபாத்தில் அதேபோல வங்கி ஊழியர்கள் இருவர். தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதையில் வண்டியை இறக்காதீர்கள். "முன்னால் போன லாரி தாண்டிவிட்டதே" என்கிறார்கள். லாரி எஞ்சின் காற்றை இழுக்கும் உயரம் வேறு, உங்கள் கார் இழுக்கும் உயரம் வேறு. அந்த வழியாகத் தண்ணீர் புகுந்தால் எஞ்சின் நின்றுவிடும்.