மூன்று மாதம் என்பது குறைந்தபட்சம், அதிகபட்சம் அல்ல

போன சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு ஓர் அக்கா போன் செய்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. சிங்கப்பூரில் போத்தோங் பாசிர் பக்கம் உள்ள தன் கூட்டுரிமை வீட்டை (காண்டோமினியம்) இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். "தம்பி, என் வீட்டுக்கு ஊர்லேருந்து யாரோ குடும்பமா வந்து வாசல் கேட் பக்கத்துல நிக்கிறாங்களாம். காவலர் என்னைக் கூப்பிட்டுக் கேக்குறாரு. எனக்கு ஒண்ணும் புரியலப்பா."

நான் போய்ச் சேர்ந்தபோது காவல் சாவடிக்கு வெளியே ஆறு பேர் நின்றிருந்தார்கள். பாட்டி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார், மடியில் தூங்கும் குழந்தை. "அஞ்சு நாளைக்கு முழுப் பணமும் கட்டியாச்சு சார், பாருங்க" என்று குடும்பத் தலைவர் கைப்பேசியை நீட்டினார். பதிவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே வீட்டை வாடகைக்கு விட்டவர் அனுப்பிய செய்தி: யாராவது கேட்டால் என் சொந்தக்காரர்கள் என்று சொல்லுங்கள். செய்தியை அனுப்பியவர் அக்காவின் வாடகைதாரரேதான். போனை எடுக்கவில்லை.

சொத்து முகவராக இந்த ஆண்டில் எனக்கு இது நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் தனியார் வீட்டைத் தொடர்ச்சியாக 3 மாதத்துக்குக் குறைவாக யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாது. முன்பு இது 6 மாதமாக இருந்தது, 2017-ல் 3 ஆக்கினார்கள். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு என்றால் குறைந்தது 6 மாதம், சுற்றுப்பயணியாக வந்தவருக்கு விடவே கூடாது. சட்டம் இவ்வளவுதான். ஆனால் "90 நாள் வரைக்கும் விடலாமே, அரசாங்கமே சொல்லிச்சே" என்று என்னிடம் வாதாடாத வீட்டுக்காரர் குறைவு. அந்த 90 நாள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2018-ல் நகர மறுசீரமைப்பு ஆணையம் ஒரு பரிந்துரையைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. கூட்டுரிமைக் குடியிருப்பில் பங்கு மதிப்பில் (ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள உரிமைப் பங்கில்) 80 விழுக்காட்டு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் அங்கே குறுகிய கால வாடகையை அனுமதிக்கலாம், அப்படி விடும் வீட்டை ஆண்டுக்கு 90 நாளுக்கு மேல் விடக்கூடாது என்பது அதன் சாரம். வாடகைத் தளங்கள் இந்த நிபந்தனைகள் தங்களுக்கு ஒத்துவராது என்றன. 2019 மே மாதம் ஆணையம் பரிந்துரையைக் கைவிட்டது, பழைய விதியே தொடரும் என்று அறிவித்தது.

ஆக, அந்த 90 நாள் சட்டமே ஆகவில்லை. இன்று இருக்கும் 3 மாதமோ நேர் எதிரானது. ஒரே ஆள் குறைந்தது அத்தனை காலம் தங்க வேண்டும் என்கிறது. 90 நாளும் 3 மாதமும் கணக்கில் ஒன்றுபோலத் தெரிவதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "மூணு மாசத்துக்குள்ள எத்தனை பேருக்கு வேணாலும் விடலாம்" என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். இல்லை ஐயா. ஒருவருக்குக்கூட ஒரு வாரம் விட முடியாது. 3 மாதத்துக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு ஐந்தாம் நாள் அனுப்பிவைக்கும் வேலையும் வேண்டாம். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் காகிதம் காப்பாற்றாது.

அந்தப் பரிந்துரை நிறைவேறியிருந்தால் நல்லது என்று நினைத்தவன் நான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, சும்மா கிடக்கும் வீட்டை வைத்துக்கொண்டு தவிக்கும் பெரியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த வீட்டுக்காரரையும் எனக்குத் தெரியும். வாரம் ஒரு புது முகம் மின்தூக்கியில் ஏறுகிறது, நள்ளிரவில் பெட்டி உருளும் சத்தம், பக்கத்துக் கதவு என்று நினைத்து இவர் கதவைத் தட்டுகிறார்கள். அவர் புகார் கொடுத்தால் நான் அவர் பக்கம்தான்.

வீட்டுக்காரர்களே, அபராதம் 200,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும். 2018-ல் ஒரே குடியிருப்பில் நான்கு வீடுகளை இப்படி விட்ட இருவருக்குத் தலா 60,000 வெள்ளி விதித்தது நீதிமன்றம். வீவக என்றால் வீட்டையே கழகம் எடுத்துக்கொள்ளலாம். "நான் விடலியே, வாடகைக்கு இருந்தவர்தானே விட்டார்" என்று அக்கா அழுதார். உண்மைதான். ஆனால் அதிகாரிகள் முதலில் தட்டுவது உரிமையாளரின் கதவை. குடியிருப்பவர் யார் என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு இருக்கிறது. வாடகைதாரர் இன்னொருவருக்கு வாடகைக்கு விடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் உள்வாடகைத் தடை எழுதுங்கள். அதில் பெயர் எழுதிய ஒவ்வொருவரின் சிங்கப்பூரில் தங்குவதற்கான அசல் அனுமதி அட்டையையும் கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முன்கூட்டியே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள். சைக்கிள் நிறுத்தும் கம்பியில் சாவி வைக்கும் எண்பூட்டுப் பெட்டி தொங்குகிறதா, குளியலறையில் விரலளவு ஷாம்பு பாட்டில்கள் அடுக்கியிருக்கிறதா, அலமாரியில் உடுப்புக்குப் பதிலாக வெள்ளை விரிப்புகள் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அக்கா வீட்டில் மூன்றும் இருந்தன. ஒன்றரை ஆண்டாக அவர் போய்ப் பார்க்கவில்லை. (சந்தை வாடகையைவிடக் கூடுதலாகத் தர ஒருவர் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டால், எங்கள் தொழிலில் அதுவே முதல் எச்சரிக்கை மணி.)

ஊரிலிருந்து வரும் உறவுகளே, இணையத்தில் படமும் விலையும் இருப்பதால் அது சட்டப்படியான இடம் என்று ஆகிவிடாது. ஆறு பேருக்கு ஒரே வீடு, சமையலறையோடு, ஹோட்டல் விலையில் பாதி என்றால் ஆசை வரும், புரிகிறது. அப்படியானால் உரிமம் பெற்ற ஹோட்டலில் இரண்டு அறை சேர்ந்தாற்போல் கேளுங்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் நடந்து போகும் தூரத்தில் நம் சாப்பாடு கிடைக்கும். சமையலறை கட்டாயம் வேண்டுமென்றால் சர்வீஸ் அபார்ட்மெண்ட் இருக்கிறது, அங்கே பொதுவாகக் குறைந்தது 7 நாள் தங்க வேண்டும். உங்கள் அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ விருந்தாளியாகத் தங்குவதில் சிக்கலே இல்லை, அது வாடகை அல்ல.

சொந்தக்காரர் என்று சொல்லச் சொன்னால் அந்த நிமிடமே பதிவை ரத்து செய்யுங்கள். சிங்கப்பூருக்குள் நுழையும்போது கொடுக்கும் வருகை அட்டையில் வேறு ஏதாவது ஹோட்டல் முகவரியைப் போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். குடிநுழைவில் பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அந்தக் குடும்பத்துக்கு நள்ளிரவு ஒரு மணிக்குச் சிராங்கூன் சாலையில் இரண்டு அறை கிடைத்தது, ஐந்து இரவுக்குக் கட்டியதை இரண்டு இரவிலேயே அங்கே கட்டினார்கள். முதலில் கட்டிய பணம் இன்னும் திரும்பவில்லை. ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டிய விளக்கத்தை எழுத நாளை காலை அக்கா என் அலுவலகத்துக்கு வருகிறார்.